ஏழாம் வாரம்

பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை டீ நேரத்தில் ராஜி ரத்தம் கண்டாள். மராட்டிப் பக்கம் போசரித் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து சூடாக வந்து விழும் வாஷர்களின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறைப் பிளேடால் சீவிவிட வேண்டும். கக்கூஸிலிருந்து திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கூடையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதைச் சீவி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த ஜோசபினிடம் சொன்னாள்.

"அக்கா, ரத்தம் போவுது."

ஜோசபின் பிளேடைக் கீழே வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"டீ மணி அடிச்சதுல இருந்து."

"இவ்ளோ நேரம் என்னடி பண்ணிக்கிட்டு இருந்தே?"

ராஜி காலிக் கூடையைக் காட்டினாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை அது. அடுத்த தெருவில் லேத் பட்டறையில் இருந்த அவள் புருஷன் ஜம்புவுக்கு ஆள் போயிற்று. சட்டையில் இரும்புச் சுருள் ஒட்டியபடியே வந்து அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார். மராட்டியில் கொஞ்சம், இந்தியில் கொஞ்சம் சொன்னார். ஜம்புவுக்கு 'இல்லை' என்பது மட்டும் விளங்கியது. அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. மறுநாள் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் சீட்டும் ரத்தச் சீட்டும் மாத்திரை அட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. ஜம்பு அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

அது இரண்டாயிரத்திரண்டாம் வருஷம். அந்த ஜனவரி போசரியில் குளிர் கடுமையாக இருந்தது. தகரக் கூரையிலிருந்து விடியற்காலையில் பனி சொட்டியது.

திங்கட்கிழமை சாயங்காலமே ஜம்புவின் அக்கா சரசா பஸ் தூரத்தில் இருக்கும் ஆகுர்டியிலிருந்து வந்து இறங்கினாள். அவள் புருஷனுக்கு அங்கே மோட்டார் கம்பெனியில் வேலை. அம்பாசமுத்திரத்தை விட்டு வந்து பதினெட்டு வருஷமாகியும் சரசாவின் பேச்சு மாறவில்லை. கடைப் பேச்சும் பஸ் பேச்சும் மட்டும் இந்தியாகிவிட்டிருந்தன. தம்பியின் கல்யாணத்தை முடித்து வைத்தவள் அவள்தான். வந்தவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். தம்ளரை ராஜியின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு விடாமச் சொல்லு. ஒரு வாரமா என்னென்ன தின்ன?"

ராஜிக்குக் கேள்வி தூரத்தில் யாரிடமோ கேட்பது போல இருந்தது. ஆனாலும் சொன்னாள். "சோறு. பருப்பு. பீர்க்கங்காய்க் கூட்டு."

"டப்பாவுல என்ன கொண்டு போன?"

"சப்பாத்தி. உருளைக்கிழங்கு பாஜி."

"அன்னாசிப்பழம்?"

"இல்ல."

"பப்பாளி?"

"இல்ல மதினி. சத்தியமா."

"கருவாடு? கோழி? வெளிய எங்கயாச்சும் வடாபாவ்?"

"இல்ல."

"பொங்கலன்னைக்கு?"

"நீங்க குடுத்துவிட்ட சர்க்கரைப் பொங்கல். பொறவு ஷாலன் வஹினி எள்ளுருண்டை குடுத்தாவ."

சரசாவின் முகம் மாறியது. "எள்ளா? எத்தனை?"

"ரெண்டு."

சரசா வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பின் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். "கேட்டியாலே? எள்ளைத் தின்னிருக்கா. ரெண்டு உருண்டை. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு எள்ளையும் வெல்லத்தையும் தின்னா கட்டி நிக்குமா? கரைஞ்சுதான் போவும்."

ஜம்பு குச்சியைத் தூரப் போட்டான்.

ஷாலன் அடுத்த வீட்டுக்காரி. மராட்டியில் அண்ணி என்று பொருள்படும் 'வஹினி' என்றே ராஜி அவளைக் கூப்பிடுவாள். பேக்கிங் பெட்டி செய்யும் இடத்தில் ஆணி அடிக்கும் வேலை. ராஜிக்குத் தமிழ் தவிர வேறு தெரியாத காலத்தில் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனவள். சங்கராந்தி அன்று அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் நெற்றியில் குங்குமம் வைத்து, எள்ளும் வெல்லமும் பிடித்த உருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசு என்று சொல்வார்கள். ஷாலன் அன்று ராஜிக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போனாள். ஒன்று உனக்கு, ஒன்று உள்ளே இருப்பதற்கு என்று சிரித்தாள்.

மறுநாள் காலை குழாயடியில் சரசா அவளைப் பிடித்துக்கொண்டாள். இந்தியும் தமிழுமாக அவள் போட்ட சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்த ராஜிக்குக் கேட்டது. "தும்னே தில் தியா, எள்ளு குடுத்தது நீதான். பிள்ளத்தாச்சிக்கு எவளாவது தில் குடுப்பாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஷாலன் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். பிறகு அவள் குரல் கேட்கவில்லை. ராஜி எழுந்து போய் மதினியைத் தடுத்திருக்கலாம். அவளுக்குக் காலை நீட்டக்கூடத் தோன்றவில்லை. குடங்கள் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அதன் பிறகு ஷாலன் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

சரசா தம்பி வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். அவள் அன்பில் குறை சொல்ல முடியாது. ராஜியின் துணிகளை அவளே துவைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்து விட்டாள். தீச்சட்டியில் பூண்டைச் சுட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். கீரை வாயு என்றாள். முட்டை சூடு என்றாள். மோர் குளிர்ச்சி, பருப்பு புண்ணை ஆறவிடாது, மீன் பேச்சே வேண்டாம் என்றாள். மூன்று வேளையும் பூண்டும் சோறும்தான். ராஜி கொடுத்ததைத் தின்றாள். ருசி தெரியவில்லை என்பதால் கஷ்டமும் இல்லை. எழுந்தால் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிட்டது.

ஜம்பு வேலைக்குப் போனான், வந்தான். லேத் எண்ணெய் வாடையோடு சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தான். அவனும் வருத்தப்படுகிறான் என்று ராஜி நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதத்தின் கடைசி நாள் வியாழக்கிழமை. அங்கே தொழிற்பேட்டைக்கு வியாழன்தான் விடுமுறை. ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டச் சொல்லியிருந்த நாளும் அதுதான். ஜம்பு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டான். வெளிநோயாளிகள் வரிசை வராந்தாவின் கடைசி வரை நின்றது. சீட்டு வாங்கிப் பார்த்து உள்ளே அனுப்பும் நர்ஸ், ராஜியின் பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் பேசினாள். பெயர் செல்வமேரி, தூத்துக்குடிக்காரி. பிரஷர் பார்த்தாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படி வெளுத்துக் கெடக்க? அன்னைக்கே ரத்தம் எட்டுதான் இருந்திருக்கு. மாசமா இருக்கும்போது குடுத்த இரும்புச் சத்து மாத்திரையப் போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"பிள்ளை கறுத்துப் பொறக்கும்னு மதினி சொன்னாவ."

செல்வமேரி அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். "இப்ப என்ன சாப்புடுத?"

"பூண்டும் சோறும்."

"வேற?"

"பூண்டும் சோறும்தான்."

ஜம்பு ஓரடி முன்னால் வந்தான். கையில் பையைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தான். "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். எள்ளுருண்டை தின்னா இப்படி ஆவுமா?"

ராஜி திரும்பி அவனைப் பார்த்தாள். பத்து நாளாக அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா சொன்னது அவன் காதில் ஏறவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததெல்லாம் அந்த இரண்டு உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டா?

"எப்பத் தின்னா?" என்றாள் செல்வமேரி.

"சங்கராந்தி அன்னைக்கு."

"ஸ்கேன் சீட்டு இருக்கா?" வாங்கி விரித்தாள். "இத யாராச்சும் உங்களுக்குப் படிச்சுச் சொன்னாங்களா?"

"நாங்க கேக்கல."

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

"அக்டோபர் இருவத்தெட்டு."

"அப்போ ஸ்கேன் எடுத்த அன்னைக்குப் பன்னெண்டு வாரம் ஆகப் போவுது. சரியா? ஆனா இதுல கரு ஏழு வாரத்து அளவுதான் இருக்கு. துடிப்பும் இல்ல. அப்படின்னா ஏழாம் வாரத்துலயே வளர்ச்சி நின்னுபோச்சு." அவள் விரல் சீட்டின் ஒரு வரியில் நின்றது. "நாலு நாள் முன்னப் பின்ன இருக்கலாம். டிசம்பர் பதினஞ்சு, இருவது வாக்குல நடந்திருக்கு. பொங்கலுக்கு மூணு வாரத்துக்கு மேல முந்தி. ரத்தமாப் போனதுதான் இப்ப. எள்ளுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

ஜம்பு அந்தச் சீட்டையே பார்த்தான். "அப்போ எதனால?"

"இவளுக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. இவ்வளவு சீக்கிரம் போறதுல பாதிக்கு மேல, கரு கூடும்போதே உள்ளுக்குள்ள சரியா அமையாததுதான். தின்னதாலயும் இல்ல, குனிஞ்சு வேலை பாத்ததாலயும் இல்ல."

"பப்பாளி கூடவா?"

"பழுத்த பழம் ஒண்ணும் செய்யாது. பச்சைக் காய்ல பால் இருக்கு, அத மட்டும் எதுக்கும் வேண்டாம்னு சொல்லுவோம். தெரிஞ்சதத்தான் தெரியும்னு சொல்லுதேன்." அவள் ராஜியின் பக்கம் திரும்பினாள். "வாந்தி இருந்துதாம்மா?"

"இருந்துது."

"எப்ப நின்னுது?"

"மார்கழி பொறந்து நாலஞ்சு நாள்ல. மதினி வீட்டுல இருந்தேன்."

சொன்ன பிறகுதான் ராஜிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஜம்புவின் பட்டறையில் அவசர வேலை என்று அவன் அங்கேயே படுத்துக்கொண்ட வாரம். சரசா அவளை ஆகுர்டிக்கு அழைத்துப் போய் வைத்திருந்தாள். ஒரு காலையில் எழுந்தபோது குமட்டல் இல்லை. உடம்பு இறகு மாதிரி இருந்தது. ஆறு இட்லி தின்றாள். பிள்ளை வயிற்றில் நன்றாக உட்கார்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சரசா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தக் காலையிலோ அதற்கு முந்தின நாளோதான் போயிருக்கிறது.

"கீரை, பயறு, முட்டை, மீன் எல்லாம் தின்னு" என்று செல்வமேரி சொல்லிக்கொண்டிருந்தாள். "எள்ளும் தின்னு, நல்லதுதான். மாத்திரையப் போட்ட உடனே டீ குடிக்காத. அடுத்த ஆளு வாங்க."

பஸ்ஸில் ஜம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் உன்னய ஒண்ணும் தப்பா நெனைக்கல" என்றான். ராஜி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது யாருடைய கையோ போலக் கிடந்தது.

வீட்டுக்குள் போகாமல் அவள் ஷாலன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஷாலன் திறந்து, அவளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வழியிலேயே நின்றாள். ராஜியின் மராட்டி தட்டுத் தடுமாறும். சீட்டை நீட்டினாள். இருவருக்கும் அதிலிருந்த இங்கிலீஷ் தெரியாது. ராஜி உள்ளே போய்ச் சுவரில் புதுக் காலண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த பழைய காலண்டரை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்து, டிசம்பரில் அந்த வாரத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்கயே நின்னுபோச்சு வஹினி. எள்ளால இல்ல. ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

ஷாலன் காலண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "எங்க அம்மா அப்படி ஒண்ணும் சொன்னதில்ல. என் தங்கச்சி ஏழு மாசம், அவளும் தின்னா. ஆனா உங்க நாத்தனா அவ்வளவு உறுதியாச் சொன்னதும் இருக்குமோன்னு ஆயிடுச்சு. தங்கச்சிக்கு ஆள் சொல்லி அனுப்பி, மிச்சம் இருந்ததையெல்லாம் கொட்டச் சொல்லிட்டேன். பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல."

பிறகு அவள் விரல் டிசம்பர் தாளிலிருந்து ஜனவரிக்கு மெதுவாக நகர்ந்தது. சங்கராந்தியில் நின்றது.

"அப்போ நான் உனக்குக் குங்குமம் வச்ச அன்னைக்கு…"

ராஜி தலையை ஆட்டினாள்.

ஷாலன் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ குடத்தைக் கழுவினார்கள்.

வீட்டில் ஜம்பு எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லி முடித்திருந்தான். சரசா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ராஜி உள்ளே வந்ததும் நிமிர்ந்தாள்.

"காயிதத்துல கெடக்குதது காயிதம். மெஷினு என்னத்தக் கண்டுச்சு? சரி, அவ சொல்லுத மாதிரியே வச்சுக்குவோம். மார்கழி மாசமே போயிட்டுன்னு வச்சுக்குவோம். அப்போ அந்த வாரம் என்னத்தையோ தின்னிருக்க. என்ன தின்ன? யோசிச்சுச் சொல்லு."

"எக்கா, விடுக்கா" என்றான் ஜம்பு.

"நீ சும்மா கெடலே. ஒண்ணுமில்லாம எப்படிப் போவும்? வயித்துல இருந்தது தானா எந்திரிச்சாப் போவும்? சொல்லுட்டி. கம்பெனியில எவ என்ன குடுத்தா? அந்த ஜோசபினா?"

"அந்த வாரம் நான் கம்பெனிக்குப் போவல மதினி."

"பொறவு?"

"உங்க வீட்டுலதான் இருந்தேன். அந்த வாரம் பூரா."

சரசாவின் கையிலிருந்த பூண்டுப் பல் முறத்தில் விழுந்தது. அவள் கண் வேறெங்கோ போயிற்று. ராஜி நின்றபடியே அதைப் பார்த்தாள். மதினி தன் அடுப்பங்கரையில் பானை பானையாகத் திறந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. இட்லி, சாம்பார், ஒரு நாள் சுண்டைக்காய், ஒரு நாள் சுக்குக் காப்பி. ஒவ்வொன்றாகத் தொட்டு, இதுவா இதுவா என்று கேட்கிறாள்.

"சுக்குக் காப்பி குடுத்தேன்" என்றாள் சரசா, கேட்குமோ கேட்காதோ என்ற குரலில். "சளி பிடிச்சிருக்குன்னு ரெண்டு நாள் குடுத்தேன். சுக்கு சூடுல்லா. ராஜி, நானாட்டி…"

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ராஜிக்குத் தோன்றியது. ஆமாம் என்று கூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும். குழாயடியில் ஷாலன் நின்றது போல மதினி ஆயுசுக்கும் நிற்பாள். அந்த எண்ணம் வந்தபோதும் அவளுக்கு அதில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை.

"இல்ல மதினி" என்றாள். "சுக்குலயும் ஒண்ணுமில்ல. எள்ளுலயும் ஒண்ணுமில்ல. அது வளரல. அவ்வளவுதான்."

சரசா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். பாலக் கீரைக் கட்டும் நாலு முட்டையும் வாங்கி வந்தாள். ஷாலன் வீட்டைத் தாண்டும்போது நடை தயங்கியது, நிற்கவில்லை. முட்டையை வேகவைத்து உரித்துத் தட்டில் வைத்தபோது, "இதத் தின்னா ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று ஒரு தடவை கேட்டாள். பயம் அவளை விட்டு அவ்வளவு லேசில் போகிற மாதிரி இல்லை.

வெள்ளிக்கிழமை ராஜி வேலைக்குப் போனாள். ஜோசபின் அவளுக்கு நிழலான இடத்தை ஒழித்துக் கொடுத்தாள். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவள், லால்குடிப் பக்கம், இரண்டு மகன்களும் வேலைக்குப் போகிறார்கள். பேசாமல் தன் கூடைக்குள் ராஜியின் கூடையிலிருந்து கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் நெருங்கும்போதுதான் கேட்டாள்.

"என்னத்தச் சாப்ட்டேன்னு சொன்னாங்க உங்க வீட்ல?"

"எள்ளுருண்டைன்னாவ. ஆனா அது இல்லக்கா. எம்பிள்ள ஏழாம் வாரத்துலயே செத்துப்போச்சு. சீட்டுல இருக்கு. நாந்தான் தெரியாம ஒரு மாசம் வச்சிருந்தேன்."

தன் வாயால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. பிளேடு பிடித்த கை நின்றது. பிறகு மறுபடி சீவினாள்.

ஜோசபின் இன்னும் நாலைந்து வாஷரைச் சீவி முடித்தாள்.

"எனக்கு ஒண்ணு போச்சு" என்றாள். "பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி. ஊருக்குப் போயிருந்தேன். எங்கம்மா ஒரு துண்டு பப்பாளி குடுத்தா. மறுநாளே. எங்க மாமியார் சொல்லிட்டாங்க, உங்கம்மாதான் கெடுத்தாள்னு. நானும் நம்பிட்டேன்."

"பழமா, காயாக்கா?"

"பழம். நல்லாப் பழுத்தது. கொல்லையில காய்ச்சது."

"பழுத்த பழம் ஒண்ணும் செய்யாதாம். அந்த சிஸ்டர் சொன்னாவ."

ஜோசபினின் பிளேடும் நின்றது. "அவங்களே சொன்னாங்களா? நீ நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன். உங்ககிட்ட அப்பத்திய சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

"சீட்டு ஏதுடி? அந்தக் காலத்துல யாரு ஸ்கேன் எடுத்தா?" அவள் ஒரு வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பிசிறே இல்லை. "அன்னிலேர்ந்து அம்மாகிட்ட பேசறத விட்டேன். இருபத்திரண்டு வருஷம். அப்பா சாவுக்குப் போனப்பக்கூடப் பேசல."

"அம்மா இருக்காவளா?"

"இருக்கா. கண்ணு தெரியலையாம்."

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு மதில் ஓரத்து வெயிலுக்குப் போனார்கள். ஜோசபினின் டப்பா மேசையிலேயே இருந்தது. ராஜி கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் எஸ்.டி.டி. பூத் வாசலில் ஜோசபின் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் ரப்பர் கறுப்பு. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ராஜி சாலையைக் கடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பர் தெரியும். தம்பி குடுத்திருக்கான்" என்றாள் ஜோசபின். "கூப்ட்டா வந்து எடுப்பா. எடுத்தா என்னத்தச் சொல்றது? பப்பாளியால இல்லம்மான்னா? இப்ப போயா?"

ராஜி கொஞ்சம் யோசித்தாள்.

"அத இன்னைக்குச் சொல்ல வேண்டாம்க்கா. சாப்ட்டியான்னு கேளுங்க."

ஜோசபின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்து, யாரிடமோ பேசி, பிறகு காத்திருந்தாள். ராஜி வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசபின் திடீரென்று நிமிர்ந்தாள். அவள் வாய் ஒரே ஒரு முறை, 'சாப்ட்டியா' என்பது போல அசைந்தது. அதற்கப்புறம் அசையவே இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அந்தப் பக்கத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.